தீக்குச்சியோடு வந்த எழுத்தாளர்

கேள்வி கேட்ட பிள்ளைகளுக்குக் கடிதம் போட்ட ஒரு சின்னப் பதிப்பகத்தின் கதை

புத்தக வெளியீட்டு விழா என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்?

ஒரு மேடை இருக்கும். ஒருவர் தலைமை தாங்குவார். ஒருவர் முன்னிலை வகிப்பார். நாலு பேர் வாழ்த்திப் பேசுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். முதல் பிரதியை ஒரு பெரியவர் பெற்றுக்கொள்வார். எல்லாம் முடிந்த பிறகு, புத்தகத்தை எழுதியவர் எழுந்து ஐந்து நிமிஷம் நன்றி சொல்வார். அதற்குள் பாதிப் பேர் பஸ் பிடிக்கப் போயிருப்பார்கள்!

எழுதியவரும் படிக்கிறவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள அந்த விழாவில் நேரமே இருக்காது.

அரவிந்த் குப்தா என்று ஓர் எழுத்தாளர் இருக்கிறார். அவர் வாசகர்களைப் பார்க்கப் போனால் மேடை வேண்டாம். மைக் கூட வேண்டாம். தீப்பெட்டி, சைக்கிள் டியூப் துண்டு, பழைய செய்தித்தாள், குளிர்பானம் குடிக்கும் குழல், இப்படிச் சில சாமான்கள் இருந்தால் போதும். அவர் தரையில் உட்காருவார். பிள்ளைகள் சுற்றிச் சூழ்ந்துகொள்வார்கள். பேப்பரை மடித்தால் தொப்பி வரும். குழலின் நுனியை வெட்டி ஊதினால் நாதசுரம் போலச் சத்தம் வரும். தீக்குச்சிகளைச் சேர்த்தால் வீடு எழும்பும்.

இது வித்தை காட்டுவது மாதிரி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வித்தைக்காரர் ரகசியத்தை மறைப்பார். இவர் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போவார்!

இவருடைய புத்தகங்களை வெளியிட்ட பதிப்பகங்களில் ஒன்று, போபால் நகரத்தில் இருக்கும் 'ஏகலவ்யா'. ஒரு சின்னப் பதிப்பகம் வாசகர்களைத் தேடிப் போய் என்ன சாதிக்க முடியும் என்பதை அதன் கதையில் பார்க்கலாம்.

இட்டார்சிக்குப் பக்கத்தில்

சென்னையிலிருந்து ரயிலில் டில்லிக்குப் போனவர்களுக்கு இட்டார்சி ஜங்ஷன் நன்றாகத் தெரியும். நாகபுரியைத் தாண்டி, மலையும் காடும் கடந்தால் இட்டார்சி வரும். அதற்கு அப்பால் ஹோஷங்காபாத். அது நர்மதை நதியின் தென்கரையில் இருக்கும் ஊர். பாலத்தின் மீது ரயில் ஓடும்போது நதியில் காசு போடுகிறவர்களும் உண்டு. அந்த ஊருக்கும் ஜில்லாவுக்கும் இப்போது நர்மதாபுரம் என்று பெயர்.

1972-ம் வருஷம் அந்த ஜில்லாவில் 16 பள்ளிக்கூடங்களில் ஒரு புது விஷயம் ஆரம்பமாயிற்று.

அதுவரை அங்கே விஞ்ஞானப் பாடம் எப்படி நடந்தது? நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் நடந்தது போலத்தான். வாத்தியார் வாசிப்பார். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். "செடி வளர மண், நீர், காற்று, வெளிச்சம் வேண்டும்" என்று பத்துத் தடவை எழுதுவார்கள். பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே கோதுமை வயல் பச்சைப்பசேல் என்று நிற்கும். அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பரீட்சைக்கு வேண்டியது புத்தகத்தில் இருக்கும்போது வயலை ஏன் பார்க்க வேண்டும்?

இதை மாற்ற வேண்டும் என்று முன்வந்தவர்களில் ஒருவர் அனில் சத்கோபால். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். அந்த வேலையை விட்டு விட்டுக் கிராமத்துக்கு வந்தார். 'கிஷோர் பாரதி' என்ற ஸ்தாபனத்தை நண்பர்களோடு ஆரம்பித்தார். அதே ஜில்லாவில், ரசூலியா என்ற இடத்தில், 'நண்பர்கள் கிராம நிலையம்' என்று ஒரு தொண்டு நிலையமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து சர்க்காரிடம் அனுமதி கேட்டன. சர்க்கார் பள்ளிக்கூடங்களிலேயே, 6, 7, 8-ம் வகுப்புகளில், விஞ்ஞானத்தைச் செய்து பார்த்துப் படிக்கும் முறையை நடத்திக் காட்டுகிறோம் என்றார்கள். அனுமதி கிடைத்தது.

டாட்டா நிலையத்து விஞ்ஞானிகளும், டில்லி சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் ரயில் ஏறி வந்தார்கள். கிராமத்து வாத்தியார்களோடு ஒன்றாக உட்கார்ந்தார்கள். கோடை விடுமுறையில் வாத்தியார்களுக்குப் பயிற்சி முகாம் நடக்கும். அங்கே வாத்தியார்களே மாணவர்கள் ஆகிவிடுவார்கள். விதையை ஊறப்போட்டு முளைக்க வைப்பார்கள். பூவைப் பிரித்துப் பார்ப்பார்கள். காசைச் சுண்டித் தலையா, பூவா என்று நூறு தடவை எழுதிக் கணக்குப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வந்த சந்தேகம் பிள்ளைகளுக்கும் வரும் அல்லவா? அதை வைத்துப் பாடத்தைத் திருத்துவார்கள்.

பதில் இல்லாத புத்தகம்!

இப்படிப் பிறந்த பாடப்புத்தகத்தின் பெயர் 'பால வைக்ஞானிக்'. 'குழந்தை விஞ்ஞானி' என்று அர்த்தம்.

இந்தப் புத்தகத்தைப் பிரித்தால் முதலில் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். "இதைச் செய்து பார்", "என்ன கண்டாய்?", "ஏன் என்று நினைக்கிறாய்?" என்ற ரீதியில் பாடம் போகும். பதில் மட்டும் இருக்காது! செய்து பார்த்துப் பிள்ளைகள் தங்கள் நோட்டில் எழுத வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு விதமாக வந்தால், ஏன் அப்படி வந்தது என்று வகுப்பில் பேச வேண்டும்.

சோதனை செய்ய விலை உயர்ந்த கருவிகள் வேண்டாமா? வேண்டாம் என்றார்கள். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் எளிய சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டி போயிற்று. மீதி எல்லாம் பிள்ளைகள் தேடிக் கொண்டுவர வேண்டியவை. இலை, பூ, மண், கல், பூச்சி. கிராமத்தில் அதற்கா பஞ்சம்?

பரீட்சை எப்படி என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே பரீட்சை எழுதலாம்! காப்பி அடிக்க அதில் ஒன்றும் இல்லை. யோசிக்கத் தெரிகிறதா, கையால் சோதனை செய்யத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

மாதம் ஒரு முறை அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் வாத்தியார்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். எந்தப் பாடம் நன்றாகப் போயிற்று, எங்கே பிள்ளைகள் திணறினார்கள் என்று மனம் விட்டுப் பேசுவார்கள். புத்தகம் எழுதியவர்களும் அங்கே வந்து கேட்டுக்கொள்வார்கள். புத்தகத்தில் தப்பு இருந்தால் அங்கேயே அது வெளிவந்துவிடும். மேடையும் மாலையும் இல்லாத எழுத்தாளர் – வாசகர் சந்திப்பு அது!

1978-ல் இந்த முறை ஹோஷங்காபாத் ஜில்லா முழுவதற்கும் பரவியது.

சவாலிராமுக்கு ஒரு கடிதம்

தமிழில் சவால் என்றால் 'முடிந்தால் செய்து பார்' என்று அறைகூவுவது. இந்தியில் சவால் என்றால் கேள்வி என்றே அர்த்தம்.

'பால வைக்ஞானிக்' புத்தகத்தில் ஒரு கற்பனைப் பாத்திரம் வரும். பெயர் சவாலிராம். நம் பாஷையில் 'கேள்விராமன்' என்று வைத்துக்கொள்ளலாம். உனக்கு ஏதாவது சந்தேகமா? எனக்குக் கடிதம் போடு என்று அவர் பிள்ளைகளைக் கூப்பிடுவார்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கடிதங்கள் வந்தன. அவற்றுக்குப் பதிலும் போயிற்று.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? வெங்காயம் நறுக்கினால் அம்மாவுக்கு ஏன் கண்ணீர் வருகிறது? பல்லிக்கு வால் அறுந்தால் அது ஏன் துடிக்கிறது? நட்சத்திரம் கீழே விழுமா? நம் வீட்டிலும் இப்படிக் கேட்கத்தான் செய்கிறார்கள். "சும்மா இரு, தொணதொணக்காதே" என்று நாமும் வாயை அடைத்துவிடுகிறோம்!

சவாலிராம் வாயை அடைக்கவில்லை. ஒருவரே எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட முடியாது. விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். அப்படிப் பலர் சேர்ந்து உழைத்தால்தான் சவாலிராம் என்ற ஒருவர் உயிரோடு இருக்க முடியும்.

கிராமத்துப் பிள்ளைக்குத் தன் பெயருக்குத் தபால் வருவது சாதாரண விஷயமா? ஊரில் பெரியவர்களுக்கே எப்போதாவதுதான் கடிதம் வரும். அப்படி இருக்க, தான் கேட்ட கேள்வியை ஒருவர் மதித்துப் பதில் எழுதியிருக்கிறார் என்றால், அந்தப் பிள்ளை அடுத்த கேள்வியையும் கேட்கும்.

பெயர்ப் பொருத்தம்

வேலை வளர்ந்தது. அதைக் கவனிக்கத் தனி ஸ்தாபனம் வேண்டியிருந்தது. 1982-ல் 'ஏகலவ்யா' பிறந்தது.

ஏகலைவன் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். வேடர் குலத்துப் பிள்ளை. துரோணர் அவனைச் சீடனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் மனம் ஒடிந்து போகவில்லை. குருவின் உருவத்தை மண்ணால் செய்து வைத்துக்கொண்டு, காட்டில் தானே வில்வித்தை கற்றான். கடைசியில் கட்டை விரலைக் கொடுக்க வேண்டி வந்தது. பள்ளிக்கூட வாசல் சாத்தப்பட்ட பிள்ளையும் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு அவனைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

1985-ல் ஏகலவ்யா பிள்ளைகளுக்காக ஒரு மாதப் பத்திரிகை ஆரம்பித்தது. பெயர் 'சக்மக்'. சிக்கிமுக்கிக் கல் என்று அர்த்தம். ஒன்றோடு ஒன்று உரசினால் பொறி பறக்கும் அல்லவா? அதே கல்தான். கதை, பாட்டு, படம், விஞ்ஞானம், புதிர் எல்லாம் அதில் உண்டு. 'என் பக்கம்' என்று ஒரு பகுதி. அதில் பெரியவர்கள் எழுத முடியாது. பிள்ளைகள் எழுதியதும் வரைந்ததும் மட்டுமே வரும். நேற்று வாசகன், இன்று எழுத்தாளன்! வாத்தியார்களுக்காக 'சந்தர்ப்' என்று தனியாக ஒரு பத்திரிகையும் பின்னால் வந்தது.

புத்தகம் வந்த செய்தியை ஊருக்குச் சொல்வது எப்படி? பெரிய பதிப்பகம் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுக்கும். சின்னப் பதிப்பகத்துக்கு அதற்கு ஏது பணம்? ஏகலவ்யா பிள்ளைகளின் திருவிழா நடத்தியது. இந்தியில் 'பால மேளா' என்பார்கள். ஒரு பக்கம் களிமண் பொம்மை. ஒரு பக்கம் காகித மடிப்பு. இன்னொரு பக்கம் படம் வரைதல், முகமூடி செய்தல். நடுவில் புத்தகங்கள் விரித்து வைத்திருக்கும். பிள்ளைகள் அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம், புரட்டலாம். புத்தகம் விற்கும் இடத்துக்குப் 'பிட்டாரா' என்று பெயர் வைத்தார்கள். சாமான் வைக்கும் மூங்கில் பெட்டிக்கு இந்தியில் அப்படிப் பெயர். பெட்டியைத் திறந்தால் என்ன இருக்குமோ என்ற ஆவல் யாருக்குத்தான் இராது?

சந்தையில் கிடைத்த புதையல்

இப்போது அரவிந்த் குப்தாவின் கதைக்கு வருவோம்.

அவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் எஞ்சினீயரிங் படித்தவர். புனா நகரத்தில் லாரி செய்யும் டாட்டா கம்பெனியில் வேலை. 1978-ல் லீவு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத்துக்கு வந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லித்தர நம்மால் என்ன செய்ய முடியும் என்று பார்க்கத்தான் வந்தார்.

அங்கே வாரச் சந்தை கூடும். நம் ஊர்ச் சந்தை மாதிரியே. கத்தரிக்காய், கயிறு, வளையல், சைக்கிள் சாமான் எல்லாம் தரையில் பரப்பி வைத்திருக்கும். அங்கே சைக்கிள் 'வால் டியூப்' அவர் கண்ணில் பட்டது. சைக்கிளில் காற்று அடிக்கும் இடத்தில் மாட்டுகிற, புழு மாதிரி மெல்லிய ரப்பர்க் குழாய். அதைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினார். இரண்டு குச்சிகளும் ஒட்டிக்கொண்டன. வளைத்தால் வளைந்தன!

இரண்டு குச்சியை இணைக்க முடிந்தால் இருநூறு குச்சியையும் இணைக்கலாம். முக்கோணம், சதுரம், பெட்டி, வீடு என்று ஒவ்வொன்றாக வந்தது. படத்தில் மட்டும் பார்த்த கணக்கு, கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாக ஆகிவிட்டது.

இதையெல்லாம் சேர்த்து அவர் எழுதிய தீக்குச்சி விளையாட்டுப் புத்தகம் 12 இந்திய மொழிகளில் வந்தது. 5 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பிறகு அவர் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குப் போனார். இன்னும் பல புத்தகங்கள் எழுதினார். புனாவில் ஒரு பெரிய வானியல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்த குழந்தைகள் விஞ்ஞானக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தார். தம் புத்தகங்களையும் பொம்மை செய்யும் முறைகளையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

இன்று ஞாயிற்றுக்கிழமைதானே? பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

சைக்கிள் கடையில் வால் டியூப் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். தீப்பெட்டிக்கு நமக்குப் பஞ்சமில்லை. சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் நம் ஊர்தானே! குச்சியின் நுனியில் இருக்கும் மருந்தைப் பெரியவர்களே பிளேடால் பதமாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இந்த வேலையைச் சிறுபிள்ளைகளிடம் விடக்கூடாது. சுரண்டிய மருந்தை நெருப்புக்குப் பக்கத்தில் போடக்கூடாது.

முதலில், டியூபை அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகுங்கள். இது ஒரு மூட்டு.

மூன்று குச்சி, மூன்று துண்டு. முக்கோணம் தயார். அதைப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். உருவம் மாறாது.

நாலு குச்சி, நாலு துண்டு. சதுரம் தயார். இதையும் அமுக்குங்கள். உடனே சாய்ந்து கோணலாகிவிடும்! அதே குச்சிதான், அதே ரப்பர்தான். பின் ஏன் இது சாய்கிறது, அது சாயவில்லை?

பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை யோசிக்கட்டும். பிறகு சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே ஒரு நீளக் குச்சி வைத்துக் கட்டிப் பார்க்கட்டும். சதுரம் இரண்டு முக்கோணமாகி விறைப்பாக நின்றுவிடும்.

அடுத்து, முக்கோணத்தின் மூன்று மூட்டிலும் நடுவில் ஊசியால் துளை போடுங்கள். கருவேல முள் இருந்தாலும் சரி. துளைக்கு ஒன்றாக மூன்று குச்சிகளை மேல்நோக்கிச் செருகி, அவற்றின் தலைகளை இன்னொரு துளை போட்ட மூட்டில் சேருங்கள். ஆறு குச்சியில் ஒரு குட்டிக் கூடாரம் நிற்கும். நாலு பக்கமும் முக்கோணம்!

இனி வெளியே போகும்போது பிள்ளையின் கண் சும்மா இருக்காது. ரயில் பாலத்தில் முக்கோணம் தெரியும். மின்சாரக் கோபுரத்தில் தெரியும். ஓட்டு வீட்டுக் கூரையைத் தாங்கும் மரச் சட்டத்தில் தெரியும். அப்பாவின் சைக்கிளில் கூடத் தெரியும்! ஐந்து ரூபாய்ச் சாமானில் கிடைத்த இந்தப் பார்வை, வாய்ப்பாடமாகச் சொன்னால் வருமா?

வந்தது உத்தரவு

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று கதையை முடிக்க முடியவில்லை.

முப்பது வருஷத்தில் ஹோஷங்காபாத் விஞ்ஞான முறை பல ஜில்லாக்களுக்குப் பரவியிருந்தது. சுமார் 1,000 பள்ளிக்கூடங்களில், சுமார் ஒரு லட்சம் பிள்ளைகள் அந்த முறையில் படித்து வந்தார்கள். 2002-ல் மத்தியப் பிரதேச சர்க்கார் அதை நிறுத்திவிட உத்தரவு போட்டது.

மாநிலம் முழுவதும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்பது ஒரு வாதம். இப்படிப் படித்த பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போகும்போது பின்தங்கிவிடுவார்களோ என்ற பயம் சில பெற்றோருக்கும் இருந்தது. அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. மேல் வகுப்பில் பரீட்சை பழைய மாதிரியே இருந்தது. பிள்ளை பாஸ் செய்ய வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். எந்தத் தாய் தகப்பனுக்கும் அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும்.

விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார்கள். பலன் இல்லை. வகுப்பறையில் அந்தப் புத்தகங்கள் மூடப்பட்டன. ஏகலவ்யா தொடக்கப் பள்ளிகளுக்கும் சமூக பாடத்துக்கும் தயாரித்திருந்த புத்தகங்களுக்கும் அதே கதி.

ஒரு பதிப்பகத்துக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டுமா? வேறு ஒருவராக இருந்தால் கடையைக் கட்டியிருப்பார்கள்.

ஏகலவ்யா கடையைக் கட்டவில்லை. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் இடம் போயிற்று. ஆனால் சக்மக் பத்திரிகை நிற்கவில்லை. பிட்டாரா மூடப்படவில்லை. விஞ்ஞானத்தைச் செய்து படித்த பிள்ளைகள் பலர் அதற்குள் பெரியவர்களாகி, தாங்களே தாய் தகப்பன் ஆகியிருந்தார்கள். பயிற்சி பெற்ற வாத்தியார்கள் ஊர் ஊராக இருந்தார்கள். உத்தரவு போட்டு நிறுத்த முடியாத காரியங்கள் இவை.

இன்னொன்றும் நடந்தது. 1972-ல் ஹோஷங்காபாத் முயற்சிக்குத் துணை நின்ற விஞ்ஞானிகளில் யஷ்பால் ஒருவர். பிள்ளைகளின் புத்தகச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று 1993-ல் அறிக்கை கொடுத்த கமிட்டிக்கு அவரே தலைவர். 2005-ல் நாடு முழுவதற்கும் பள்ளிப் பாடத்திட்ட வழிகாட்டி ஒன்று தயாராயிற்று. அதைத் தயாரித்த குழுவுக்கும் அவரே தலைவர். மனப்பாடத்தை விட்டு வெளியே வர வேண்டும், பாடத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையோடு சேர்க்க வேண்டும் என்று அந்த வழிகாட்டி சொல்லியது. 16 கிராமத்துப் பள்ளிகளில் முளைத்த எண்ணமும் அதுவேதான்.

நம் ஊரில்

இது தூரத்து மாநிலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் இந்தக் காற்று வீசியது. 1987-ல் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து 'துளிர்' என்ற சிறுவர் விஞ்ஞான மாதப் பத்திரிகையை ஆரம்பித்தன. லாபத்துக்காக நடத்திய பத்திரிகை அல்ல அது. வாத்தியார்களும் விஞ்ஞானிகளும் ஓய்வு நேரத்தில் உழைத்து நடத்தியது.

நம் ஊர்களில் இப்போது புத்தகத் திருவிழாக்கள் நிறைய நடக்கின்றன. சென்னையில் மட்டும் அல்ல, ஜில்லாத் தலைநகரங்களிலும் நடக்கின்றன. பெரிய கடைகளுக்கு நடுவே, ஒரு மேஜையும் இரண்டு அலமாரியும் வைத்துக்கொண்டு சின்னப் பதிப்பகத்தார் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் புத்தகம் எழுதியவரே சில சமயம் அங்கே இருப்பார். அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளையை முன்னால் விட்டு, "உனக்கு என்ன கேட்கத் தோன்றுகிறதோ, கேள்" என்று சொல்லுங்கள். பிள்ளை வெட்கப்பட்டால் அவசரப்படுத்த வேண்டாம். ஒரு நிமிஷம் காத்திருங்கள். கேள்வி வரும்.

பெற்றோருக்கு மூன்று யோசனைகள்:

ஒன்று: வீட்டில் ஒரு 'கேள்வி நோட்டு' வையுங்கள். பிள்ளை கேட்கும் கேள்வியைத் தேதி போட்டு அதில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையானால் அதுவே எழுதட்டும். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியாது, சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்று சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. பெரிய விஞ்ஞானிகளே அப்படித்தான் சொல்கிறார்கள்.

இரண்டு: மாதம் ஒரு புத்தகம் வாங்குங்கள். விலை குறைந்ததாக இருந்தாலும் சரி. பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வாங்கியதைப் பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம். அழுக்கானாலும் கிழிந்தாலும் பரவாயில்லை. கிழிந்த புத்தகம் படித்த புத்தகம்!

மூன்று: படித்து முடித்ததும் எழுதியவருக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். பதிப்பகத்தின் விலாசம் புத்தகத்திலேயே அச்சாகி இருக்கும். பிடித்தது, பிடிக்காதது, புரியாதது எல்லாவற்றையும் எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

சமீபத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெரியவர்களும் வெட்கப்பட வேண்டியதில்லை. பேரப்பிள்ளையின் தீக்குச்சிப் புத்தகத்தை நீங்களும் எடுத்துப் பாருங்கள். ஒரு வரி படியுங்கள். ஒரு குச்சியைச் செருகுங்கள். அடுத்த வரி தானாக விளங்கும். உழவும் தச்சும் சமையலும் தெரிந்த கைக்கு, பள்ளிக்கூடப் பையனைவிட இது சுலபமாக வரும். எங்கே சட்டம் குறுக்கே அடித்தால் பந்தல் சாயாது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்த விஷயந்தானே? அதைப் பேரனுக்குச் சொல்லுங்கள். அவன் தன் கேள்வி நோட்டில் அதையும் எழுதிக்கொள்வான்.